ஊராட்சி பேரூராட்சி ஆனால் யாருக்கு என்ன மாறும்?

2025 ஜனவரி 26 அன்று நடந்த கிராம சபைக் கூட்டங்களில், தமிழ்நாட்டின் பல ஊராட்சிகளில் ஏறத்தாழ ஒரே தீர்மானம் நிறைவேறியது: எங்கள் ஊரை நகராட்சியோடு சேர்க்காதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனுவோடு வந்தவர்களில் பெண்களே அதிகம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விநோதமாகப்பட்டது. ஊர் பெரிதாகிறது, நல்ல சாலையும் குப்பை வண்டியும் வரப்போகின்றன, அதற்கு ஏன் எதிர்ப்பு?

ஓர் ஊர் எந்த வகை உள்ளாட்சிக்குள் இருக்கிறது என்பதை வைத்தே யார் எவ்வளவு வரி கட்டுவது, யாருக்கு நூறு நாள் வேலை கொடுப்பது, யார் வீடு கட்ட மானியம் வாங்குவது என்பதெல்லாம் முடிவாகிறது. வகை மாறும்போது லாபமும் நட்டமும் ஒரே வீட்டில் இறங்குவதில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

என்ன அறிவிக்கப்பட்டது

2024 முடிந்து 2025 பிறந்த வாரத்தில் தமிழ்நாடு அரசு ஒரு பெரிய எல்லை மாற்றத்தை அறிவித்தது. 16 மாநகராட்சிகளும் 41 நகராட்சிகளும் விரிவாக்கப்படும், கன்னியாகுமரி உட்பட 13 புதிய நகராட்சிகள் உருவாகும், 25 புதிய பேரூராட்சிகள் அமையும் என்பது அதன் சுருக்கம். இதற்காகச் சுற்றியுள்ள ஊராட்சிகளை, சில இடங்களில் பேரூராட்சிகளையும், இணைக்க வேண்டும். மாநிலத்தில் அப்போது 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. அவற்றில் சில நூறுதான் இந்தப் பட்டியலில் வந்தன. ஆனால் நகரங்களை ஒட்டிய, நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருக்கும் ஊராட்சிகள் என்பதால் சத்தம் பலமாகவே கேட்டது.

அடிப்படை: இந்தப் பிரிவுகள் எங்கிருந்து வந்தன

1992-ல் நிறைவேறிய 73, 74-வது அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சியை இரண்டு பாதைகளாகப் பிரித்தன. ஒன்று ஊரகப் பாதை: கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. மற்றொன்று நகர்ப்புறப் பாதை: பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. அரசியலமைப்பின் 243க்யூ பிரிவு பேரூராட்சியை ‘கிராமமாக இருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி’க்கானது என்கிறது. ஓர் இடம் எந்த வகை என்பதை முடிவு செய்ய ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளூர் நிர்வாகத்துக்கு வரும் வருவாய், விவசாயம் அல்லாத தொழிலில் இருப்போர் விகிதம், பொருளாதார முக்கியத்துவம்.

இந்த ஐந்தையும் எடைபோட்டு முடிவெடுப்பது மாநில அரசு. எடை போடுவதில் அரசியலுக்கும் நிதிக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கு தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 2004-ல் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ஒரே அரசாணையில் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ ஆயின. ஊரகத்துக்கென்று மத்திய அரசு ஒதுக்கும் நிதியைப் பெறுவது அதன் முக்கியக் காரணம். 2006-ல் ஆட்சி மாறியதும் அவை மறுபடி பேரூராட்சிகள் ஆயின. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அந்த ஊர்களில் வயலும் பெருகவில்லை, கடைத்தெருவும் சுருங்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறது. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கம், ஆண் உழைப்பாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது. இந்த மூன்றும் பொருந்தினால், ஊராட்சியாகவே நிர்வகிக்கப்பட்டாலும் அது கணக்கெடுப்பின் கண்ணில் நகரம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஊர்கள் 376. 2001-ல் இவை 111தான். அதாவது அடுக்குமாடியும் மருத்துவமனையும் வந்துவிட்ட ஊர்களை ஓர் ஊராட்சிச் செயலரும் ஒரு டேங்க் ஆபரேட்டரும் சில தூய்மைக் காவலர்களும் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அரசின் வாதத்துக்கு இதுதான் வலுவான அடித்தளம். அதை அலட்சியமாக ஒதுக்க முடியாது.

முதல் அடி: நூறு நாள் வேலை

எதிர்ப்பில் பெண்கள் முன்னால் நின்றதற்குக் காரணம் இது. 2005-ன் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் ‘ஊரகப் பகுதி’ என்பதற்கு நேரடியான விளக்கம் வைத்திருக்கிறது: நகர்ப்புற உள்ளாட்சியோ, ராணுவக் குடியிருப்பை நிர்வகிக்கும் கண்டோன்மென்ட் வாரியமோ இல்லாத பகுதி. எனவே ஊராட்சி பேரூராட்சி ஆகிவிட்டால் அந்த ஊர் மக்களுக்குச் சட்டப்படியே வேலை கிடையாது. கையில் வேலை அட்டை இருந்தாலும் பயனில்லை. மாவட்ட அதிகாரி நினைத்தாலும் சலுகை காட்ட முடியாது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டம் கொண்டுவந்து நாட்களை 125 ஆக்கியது. அதுவும் ஊரகக் குடும்பங்களுக்கு மட்டும்தான்.

தொகையாகப் பார்த்தால் இழப்பு புரியும். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி ரூ.336. நூறு நாளும் வேலை கிடைத்தால் ரூ.33,600. நடைமுறையில் நூறு நாள் முழுதாகக் கிடைப்பது அபூர்வம். நாடு தழுவிய சராசரி 50 நாள் அளவில்தான் இருந்துவந்திருக்கிறது. அப்படிப் பார்த்தாலும் ஆண்டுக்கு ரூ.16,800. தமிழ்நாட்டில் இந்த வேலை நாட்களில் 85 சதவீதத்துக்கு மேல் பெண்கள் செய்பவை. அறுபது வயதைத் தாண்டிய, வேறெங்கும் கூலிக்குக் கூப்பிடாத பெண்கள் இதில் நிறையப் பேர். சம்பளம் அவர்கள் பெயரிலேயே வங்கிக் கணக்குக்கு வரும். வீட்டில் மற்றவரிடம் கைநீட்டாமல் செலவழிக்க இருக்கும் ஒரே பணம் பலருக்கு இதுதான்.

‘ஊர் நகரமானால் கடை, கம்பெனி என்று வேறு வேலை வருமே’ என்று சொல்பவர்கள் உண்டு. வரலாம். இருபத்தைந்து வயதுக்காரருக்கு வரும். அறுபத்திரண்டு வயது அம்மாவை எந்தக் கம்பெனியும் எடுக்கப்போவதில்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. கேரளம் 2010-லேயே அய்யங்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. ராஜஸ்தான் 2022-ல் நகரங்களுக்கு நூறு நாள் வேலை கொண்டுவந்தது. தமிழ்நாடும் ரூ.100 கோடியில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை முன்னோட்டமாகச் சில பேரூராட்சி, நகராட்சிகளில் தொடங்கியது. ஆனால் அது எல்லா ஊர்களுக்கும் விரிந்த சட்ட உரிமை ஆகவில்லை. இணைப்பு அரசாணையோடு சேர்த்து இப்படி ஒரு திட்டத்தையும் அறிவித்திருந்தால் எதிர்ப்பின் பாதி வேகம் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

வீட்டு மானியத்திலும் இதே கோடு ஓடுகிறது. குடிசை வீடுகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்ட ரூ.3.50 லட்சம் தரும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ ஊரகத்துக்கானது. பிரதமர் வீட்டுத் திட்டத்துக்கு ஊரகம், நகர்ப்புறம் என்று இரண்டு கிளைகள், இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல், தனித்தனி விதி. ஊரகப் பட்டியலில் பெயர் வந்து காத்திருப்பவர், ஊர் மாறியதும் நகர்ப்புற வரிசையில் கடைசியில் போய் நிற்க நேரலாம்.

இரண்டாவது: வரி

ஊராட்சியில் கட்டுவது வீட்டு வரி. ஆண்டுக்கு ஒரு முறை, தொகையும் சிறியது. பேரூராட்சியில் கட்டுவது சொத்து வரி. ஆண்டுக்கு இரண்டு முறை, அரையாண்டுக்கு ஒன்றாக. அதைக் கணக்கிடும் முறையே வேறு. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, தெருவுக்குத் தெரு சதுர அடிக்கு ஒரு மதிப்பு வைத்து, கட்டடத்தின் வகை, வயது, சொந்தக் குடியிருப்பா வாடகையா கடையா என்று பார்த்து வரி போடுகிறார்கள்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறு சில:

1. 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் 2008-க்குப் பிறகு வந்த முதல் பெரிய உயர்வு அது.

2. அதன்பின் ஆண்டுதோறும் தானாக உயரும் ஏற்பாடு வந்துவிட்டது. குறைந்தது 6 சதவீதம். 6 சதவீதம் கூட்டு முறையில் ஏறினால் சுமார் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகும்.

3. காலிமனை வரி. ஊராட்சியில் பலரும் கேள்விப்படாத ஒன்று. மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப்போட்ட மனைக்கும் அரையாண்டுக்கு ஒரு முறை ரசீது வாங்க வேண்டும். கட்டாமல் விட்டால், வீடு கட்ட அனுமதி கேட்கும் நாளில் பழைய பாக்கி மொத்தமாக வந்து நிற்கும்.

4. குடிநீர் இணைப்புக்கு முன்வைப்புத் தொகை, குப்பைக்குத் தனிக் கட்டணம், பாதாளச் சாக்கடை வந்தால் அதற்கும் ஒரு வைப்புத் தொகை.

ஒரு சிறு ஆறுதல்: அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு ரூ.5,000.

யாரும் பேசாத மூன்றாவது: விவசாய நிலத்தை விற்கும்போது

போராட்டங்களில் இது அதிகம் எழவில்லை. ஆனால் நிலம் வைத்திருப்பவர்களுக்கு வீட்டு வரியைவிடப் பெரிய தொகை இதில் இருக்கிறது.

ஊரக விவசாய நிலத்தை விற்றால் வரும் லாபத்துக்கு வருமான வரி கிடையாது. வருமான வரிச் சட்டம் அத்தகைய நிலத்தை மூலதனச் சொத்தாகவே கருதுவதில்லை. ஆனால் எது ஊரக நிலம்? 10,000 அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகர்ப்புற உள்ளாட்சியின் எல்லைக்குள் இருந்தால் அது ஊரக நிலம் இல்லை. அந்த அமைப்பின் பெயர் நகராட்சியா, பேரூராட்சியா என்பது பொருட்டில்லை. எல்லைக்கு வெளியேயும் இது நீள்கிறது. உள்ளாட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர். சாலை வழியே அளப்பதில்லை, வான்வழித் தூரம்.

ஆக, இணைப்புப் பட்டியலில் பெயரே இல்லாத பக்கத்து ஊராட்சியின் நெல்வயலும் ஓர் அரசாணையால் வரி வட்டத்துக்குள் வந்துவிடலாம். நகராட்சி எல்லை 3 கிலோமீட்டர் நகர்ந்தால் இந்த வட்டமும் கூடவே நகரும். அடுத்த சில ஆண்டுகளில் நிலம் விற்கும் யோசனையில் இருப்பவர்கள் ஆடிட்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சரி, கிடைப்பது என்ன?

கிடைப்பதும் உண்மையானதுதான். நகர்ப்புறப் பாதைக்கு அம்ருத் போன்ற மத்தியத் திட்டங்கள், மாநிலத்தின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் என்று வேறு நிதி வாசல்கள் திறக்கின்றன. செயல் அலுவலர், இளநிலைப் பொறியாளர், சுகாதாரப் பணியாளர் என்று ஆட்கள் வருவார்கள். ஊராட்சியிடம் லாரி வாங்கக் காசு இல்லாததால் ஏரிக்கரையில் எரிந்துகொண்டிருந்த குப்பைக்கு ஒரு வழி பிறக்கும். மனைப்பிரிவுகள் ஒழுங்குக்கு வரும். மனை விலையும் ஏறும்.

இந்த நன்மைகளில் பெரும்பாலானவை மெதுவாக வருபவை: திட்ட அறிக்கை, டெண்டர், பணி ஆணை, பிறகு குழி தோண்டுவது. நட்டமோ அரசாணையில் குறிப்பிட்ட தேதியிலேயே வந்துவிடுகிறது. தவிர, மனை விலை ஏறினால் லாபம் மனை வைத்திருப்பவருக்கு. வேலை போனால் நட்டம் மனை இல்லாதவருக்கு. ‘ஊர் வளர்கிறது’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடுவதுதான் விவாதத்தைக் குழப்புகிறது.

அதிகாரம் யார் கைக்குப் போகிறது

ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிச் சின்னம் இல்லாமல். காசோலையில் கையெழுத்து போடுவது அவரும் துணைத் தலைவரும். குழாய் உடைந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். பேரூராட்சித் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்தல் கட்சி அடிப்படையில் நடக்கிறது. அன்றாட நிர்வாகம் செயல் அலுவலர் என்ற அரசு ஊழியர் கையில்.

கிராம சபை அரசியலமைப்பிலேயே இடம் பெற்ற அமைப்பு. ஊராட்சியின் வாக்காளர் எல்லோரும் அதன் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைக் கேட்கலாம், பயனாளி பட்டியலைக் கேட்கலாம். நகர்ப்புறத்தில் இதற்கு இணையாக வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-ல் கொண்டுவரப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவை கவுன்சிலரைச் சுற்றி அமைந்தவை, கிராம சபைக்கு மக்கள் பழகியிருக்கும் அளவுக்கு இவற்றுக்கு இன்னும் பழகவில்லை.

இன்னொரு நுணுக்கம், பட்டியல் சாதி மக்களைப் பற்றியது. நான்கு ஊராட்சிகள் இருந்தால் நான்கு தலைவர் பதவிகள். சுழற்சி முறையில் அவற்றில் ஒன்று தனித்தொகுதியாகவோ தனித்தொகுதிப் பெண் பதவியாகவோ இருக்கலாம். நான்கும் ஒரு நகராட்சியில் கரைந்தால் தலைவர் பதவி ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வார்டு உறுப்பினர் இடங்கள். காலனித் தெருவிலிருந்து ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரும் வாய்ப்பு சுருங்குகிறது.

ஏன் அந்த நேரத்தில்?

அறிவிப்பு வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்தலுக்கு முன் எல்லைகளை முடித்துவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் தரப்பில் நியாயமான கணக்கு. அதே நேரத்தில், ஊர் சார்பில் எதிர்த்துப் பேச வேண்டிய தலைவர்கள் பதவியில் இல்லாத காலமாகவும் அது அமைந்துவிட்டது.

இரண்டாவது, வரவிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். அதற்காக ஊர், மாவட்ட எல்லைகளை 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு மாற்றக்கூடாது என்று பின்னர் மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. கணக்கெடுப்பில் நகரம் என்று பதிவானால் அடுத்த பத்தாண்டு நிதிப் பங்கீட்டில் அது எதிரொலிக்கும்.

கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. சட்டத்தில் இருப்பது முன்னறிவிப்பு வெளியிடுவது, ஆட்சேபணை கேட்பது, பரிசீலிப்பது, பிறகு இறுதி அறிவிப்பு. இறுதி முடிவு மாநில அரசுடையது. மகாராஷ்டிரத்தில் கல்யாண் மாநகராட்சி அமைத்தது தொடர்பான 1989 வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படி எல்லை வகுப்பது சட்டமியற்றுவதைப் போன்ற செயல், இதில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்று சொன்னது. நீதிமன்றம் பெரும்பாலும் பார்ப்பது நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதைத்தான். நல்ல முடிவா கெட்ட முடிவா என்ற கேள்விக்குள் அது எளிதில் இறங்குவதில்லை.

எனவே ‘எங்களுக்கு வேண்டாம்’ என்ற ஒற்றை வரித் தீர்மானத்துக்கு உணர்ச்சி மதிப்பு உண்டு, சட்ட மதிப்பு குறைவு. ஆட்சேபணை மனு வேலை செய்ய வேண்டுமானால் 243க்யூ சொல்லும் ஐந்து அளவுகோல்களோடு அது மோத வேண்டும்:

1. ஊரின் மொத்தப் பரப்பில் சாகுபடி நிலம் எவ்வளவு? கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டிலிருந்து நகல் எடுத்து இணைக்கலாம்.

2. எத்தனை குடும்பங்கள் வேலை அட்டை வைத்திருக்கின்றன, கடந்த ஆண்டு எத்தனை நாள் வேலை பார்த்தன? ஊராட்சி வாரியாக இணையத்திலேயே இருக்கிறது. விவசாயம் அல்லாத தொழிலுக்கு ஊர் மாறிவிட்டது என்ற வாதத்துக்கு நேரடி பதில் இது.

3. ஊராட்சியின் சொந்த வருவாய் எவ்வளவு? மூன்று ஆண்டு வரவு செலவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

4. இணைக்கப்போகும் நகராட்சியின் கடைசி வார்டுக்கு இப்போது வாரம் எத்தனை நாள் குடிநீர் வருகிறது? அங்கேயே தட்டுப்பாடு என்றால் புதிதாகச் சேரும் ஊருக்கு எங்கிருந்து வரும் என்ற கேள்வியை எழுத்தில் வைக்கலாம்.

5. ஊராட்சி முழுவதையும் எதிர்க்க முடியாத நிலை என்றால், நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்புப் பகுதியை மட்டும் சேர்த்துவிட்டு வயல் சூழ்ந்த குக்கிராமங்களை அடுத்த ஊராட்சியோடு வைக்கும்படி மாற்று எல்லையை வரைபடத்தோடு கேட்கலாம். நகர்ந்தே ஆக வேண்டிய ஊர்களுக்கு இது ஓரளவு நடைமுறைக்கு ஒத்துவரும் கோரிக்கை.

மனுவை அறிவிப்பில் குறிப்பிட்ட நாட்களுக்குள், அதில் சொன்ன அதிகாரியின் பெயருக்கே அனுப்பி ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தேதி தாண்டி வந்த மனுவைப் பரிசீலிக்கவில்லை என்று அரசு சொன்னால் நீதிமன்றத்தில் அதற்கு மறுமொழி சொல்வது கடினம்.